ஹண்டானில் நடை பழகியவர்கள்

தௌ ருமெய் ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை, நடையை வைத்துத்தான். சீனாவின் ஹண்டான் ஊரில், கல்பாலத்தருகே செருப்புத் தைக்க ஊசியும் மெழுகு நூலுமாக உட்கார்ந்து, "இவருக்கு இடது குதி தேயுது. செவ்வாய்க்கெழமைக்குள்ள நம்மகிட்ட வந்துடுவாரு" என்பாள். வந்துவிடுவார்.

பாலத்தில் வழிகாட்டி லியூ ஒலிபெருக்கியும் கையுமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை கதை சொல்வான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஊராரின் நடை அவ்வளவு அழகாம். அதைக் கற்றுக்கொள்ள, வடக்கே இருந்த 'யான்' என்ற நாட்டிலிருந்து இளைஞன் ஒருவன் வந்தானாம். போவோர் வருவோர் பின்னாலெல்லாம் அடி வைத்துப் பார்த்தும் வரவில்லை. சொந்த நடையும் மறந்துபோய், தவழ்ந்தே வீடு திரும்பினானாம். "அதான், அடுத்தவங்களப் பாத்து ஆடித் தன்னையே தொலைச்சவன 'ஹண்டான்ல நடை பழகினவன்'னு சொல்றோம்!" கூட்டம் சிரிக்கும்.

ருமெய் சிரிக்க மாட்டாள். "ஏம்பா லியூ, அத்தன நாள் இங்கயே கெடந்தானே, ஒருத்தராவது 'உள்ள வந்து ஒரு வாய் சாப்புடு'ன்னாங்களா?"

"கதையில அது இல்லியே அக்கா!"

"அதத்தான் கேக்கறேன்."

அவளும் அந்தப் பழைய 'யான்' நாட்டுப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்தவள்தான். 'ஏர் உழற நடை' என்று மாமியார் கேலி செய்யப்போய், ஒரு வருஷம் சிற்றடி பழகி, மாடிப்படியில் உருண்டாள்.

போன வாரம், மகன் கட்டிக்கொள்ளப் போகும் ஃபாங் யிங் சிச்சுவானிலிருந்து வந்திருந்தாள். மிளகாயில் பிறந்து வளர்ந்த பெண், நூடுல்ஸை வெறுமனே விழுங்கிவிட்டு, "உங்கள மாதிரியே எனக்கும் காரம் ஆகாது அத்தே" என்றாள். அதையும் ஹண்டான் பேச்சில், நாக்கு சுளுக்கச் சொன்னாள்.

மறுநாள் மதியம் ருமெய்க்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு, புது ஹீல்ஸில் பாலத்தில் ஏறினாள். ருமெய்க்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது: "விழப் போறா." விழுந்தாள். தூக்கு மட்டும் சிந்தாமல் உயரே நின்றது. சுற்றுலாக் கூட்டம் சிரித்தது. லியூ வாய் திறப்பதற்குள் ருமெய் ஒரு முறை முறைத்தாள். ஒலிபெருக்கி அணைந்தது.

யிங் ஒடிந்த ஹீலை நீட்டினாள். கண் நிறைந்திருந்தது. "ஒட்டிக் குடுங்க அத்தே. இந்த ஊர்ப் பொண்ணுங்கல்லாம் இதுலதான் நடக்கறாங்க."

"அவங்க நடக்கட்டும். நீ உன் ஊர்ப் பேச்சே பேசு, புரியலன்னா நான் ரெண்டாந்தடவ கேட்டுக்கறேன். இன்னிக்குக் கொழம்புக்கு மொளகா நீயே போடு."

யிங் தன் ஊர்ப் பேச்சில் படபடவென்று என்னவோ கொட்டித் தீர்த்தாள். ருமெய்க்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தன் அகலமான துணிச் செருப்பைக் கழற்றி, காலாலேயே அவள் பக்கம் தள்ளினாள்.