ஒலிபெருக்கியில் வந்த பெயர்

என் வாப்பாவின் பெயரை இருபத்து மூன்று வருடங்கள் என்னிடமிருந்து ஒளித்து வைத்தவர் நீங்கள்தான். வேறு யார் மீதும் நான் இந்தப் பழியைப் போடவில்லை. உம்மாவுக்குக்கூட அதுவரை அந்தப் பெயர் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பெயரை இங்கே எழுதமாட்டேன். என் பெயரையும் எழுதமாட்டேன். எங்கள் குரல் பதிவுகளில் யாருடைய பெயரும் சொல்வதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். எழுத்திலும் அப்படியே இருக்கட்டும். எங்கள் குடிக்காக, அதாவது தாய்வழிக் குலத்துக்காக, பள்ளிவாசல் நிர்வாகத்தில் நீண்ட காலம் மரைக்காராக இருந்தவர் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். பிறந்து பத்து நாள்கூட ஆகாத என்னைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, பிள்ளை இல்லாத ஒரு வீட்டில் கொடுத்தவர் என்று சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும்.

நான் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை என்பது என் நிக்காஹ் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அஸர் தொழுகை முடிந்து வாசல் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அறைக்குள் பெண்களோடு இருந்தேன். எங்கள் பக்கத்தில் நிக்காஹ் நடக்கும் இடத்துக்குப் பெண் போவதில்லை. கையெழுத்துப் போடவும் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தேன். மௌலவி இன்னாரின் மகளை என்று ஒரு பெயரைச் சொன்னார். அது என்னை வளர்த்த வாப்பாவின் பெயர் இல்லை. நான் கேள்விப்பட்டே இராத ஒரு ஆளின் பெயர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த உம்மாவின் தங்கை, சாச்சியிடம், "சாச்சி, வேற ஊட்டுக் கடதாசிய வாசிக்காரு போல. ஆரும் போய்ச் சொல்லுங்களன்" என்றேன்.

சாச்சி என் வளையல்களைச் சரி செய்தாள். "பேசாம இரி புள்ள" என்றாள்.

அறையில் முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். ஒருத்தியும் திடுக்கிடவில்லை. ஒருத்தியும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. பெயர் பிழை இல்லை. அறையில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

மாப்பிள்ளைக்குத் தெரியும். சம்பந்தம் பேசும்போதே நீங்கள் அவர் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு நான் அவரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும் என்டுதான் நான் நினைச்சன். தெரியாத ஆளா இரிப்பீங்க என்டு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நல்ல மனிதர். அவர் மீது கோபம் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பதிவிலும் அடையாள அட்டையிலும் எனக்கு ஒரு வாப்பா. நிக்காஹ்வில் வேறொரு வாப்பா. பெற்றவரின் பெயரை மாற்றி அழைக்கக்கூடாது, வளர்த்தவர் தன் பெயரில் மணம் முடித்துக் கொடுக்கக்கூடாது என்பது மார்க்கம். அதை நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் அன்று காலையில் நீங்கள் ஒரு கடதாசியில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு வந்தீர்கள். மார்க்கத்தை அரை நிமிடம் ஒழுங்காகச் செய்தீர்கள். அதற்கு முந்திய இருபத்து மூன்று வருடமும் என்ன செய்தீர்கள்? அல்லாஹ்வுக்குச் சொன்னீர்கள், பதிவுப் புத்தகத்துக்குச் சொன்னீர்கள், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னீர்கள். பெயருக்கு உரியவளுக்குச் சொல்லவில்லை.

வளர்த்த வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பெரியபிள்ளையான பிறகு அவர் என் தலையில் கை வைத்ததே இல்லை. அதுவரை சைக்கிளின் முன்னால் என்னை வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனவர். அதன் பிறகு தன் வீட்டுக்குள் வரும்போதே வாசலில் நின்று இருமிவிட்டு வருவார். நான் முந்தானையை இழுத்துக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். பக்கத்து வீட்டு வாப்பாமார் யாரும் இருமவில்லை. நான் என்ன பிழை செய்தேன் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். பரீட்சையில் கணிதம் பிழையாகிப் போனதற்கா? சத்தமாகச் சிரித்ததற்கா? காரணம் இதுதான், மார்க்கப்படி நான் அவருக்கு அந்நியப் பெண். அவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இருமலை நான் மரியாதை என்று எடுத்திருப்பேன். சொல்லாததால் வெறுப்பு என்று எடுத்தேன்.

நிக்காஹ் முடிந்து எட்டு வருடம் நானும் வாயைத் திறக்கவில்லை. நான் தையல்காரி. வீட்டின் முன் அறையில் அபாயா தைக்கிறேன். தைக்கும்போது போனில் எதையாவது ஓடவிட்டுக் கேட்பது வழக்கம். ஒரு நாள் ஒரு முகநூல் பக்கத்தில் பிள்ளைகளை எடுத்து வளர்ப்பதின் சிறப்பைப் பற்றி ஒருவர் பேசினார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் மாஷா அல்லாஹ் போட்டிருந்தார்கள். வளர்த்தவர்கள் எழுதியிருந்தார்கள், வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எழுதியிருந்தார்கள். வளர்ந்தவர் ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதினேன்: "நான் வளர்ந்த ஆள். நான் ஒன்று சொல்லலாமா?"

பொதுவில் ஒருவரும் பதில் போடவில்லை. தனியாக மூன்று பேர் செய்தி அனுப்பினார்கள். மூன்று பேரும் என்னைப் போல எடுத்து வளர்க்கப்பட்டவர்கள். ஒவ்வொருவர் ஊடாக இன்னும் சிலர் வந்தார்கள். ஏழு பேரானதும் சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கினோம். முகம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. குரல் மட்டும். ஒருத்தி அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்தாள். இன்னொருவர் ஓட்டோவை வயல் ஓரம் நிறுத்திவிட்டுப் பேசினார், குரலுக்குப் பின்னால் கொக்கு கத்துகிறது. நான் தைத்துக்கொண்டே பேசினேன். இருமலைப் பற்றிச் சொன்னேன். ஒலிபெருக்கியைப் பற்றிச் சொன்னேன். உம்மாவும் வாப்பாவும் வீட்டை என் பெயருக்கு எழுதித் தந்ததையும் சொன்னேன், ஏனென்றால் அதுவும் உண்மை.

கருத்துப் போட்டவர்கள் வீட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "ஊடும் குடுத்திரிக்காங்க, இன்னும் என்ன வேணுமாம் இவவுக்கு?" நன்றி கெட்டது என்று இருபது பேர். எனக்குப் பழகிவிட்டது. வீடு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டேன்.

பின்பக்கத்து அறையில்தான் உம்மாவும் வாப்பாவும் இருக்கிறார்கள். பதிவு வந்த மறுநாள் உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்தேன்.

"கேட்டீங்களா உம்மா?"

"ஓம். ரெண்டு தரம் கேட்டன்."

"மறுகா? என்ன நினைச்சீங்க?"

"மிஷின் சத்தம் கூடிப்போச்சு. நிப்பாட்டிப்போட்டுக் கதைச்சிரிக்கலாம்."

"நான் முந்தியே கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"ஓம்" என்றார். கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தார். "இல்ல. சொல்லியிரிக்க மாட்டன். நீ எழும்பிப் போயிருவாய் என்டு பயம். மரைக்காரும் சொல்லப்படா என்டுதான் சொன்னவர். என்னக் கேக்காத புள்ள, எனக்கு இவ்வளவுதான் தெரியும். நாவிதன்வெளிப் பக்கத்தால கொண்டுவந்த என்டு ஒரு கதை. அதுவும் மெய்யோ பொய்யோ."

வாப்பாவுக்கும் உம்மா அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அடுத்த நாள் அவர் முன் வாசலால் வந்தார், இருமினார், இருமிவிட்டுத் தானே திகைத்து நின்றார். "பழக்கம் மகள்" என்றார். எனக்கு அது போதும். அவர்கள் இருவரும் என்னிடம் பேசிவிட்டார்கள். பேசாமல் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் ஏழு பேரில் ஒருத்தி அக்கரைப்பற்றுக்காரி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். என் பதிவைக் கேட்டுவிட்டு அவள் தனியாகச் செய்தி அனுப்பினாள்: "என்ட கலியாணத்தில காவின் எழுதக்குள்ளயும் இப்பிடித்தான். கல்முனைப் பக்கத்தால ஒரு மரைக்கார் வந்து கடதாசி குடுத்தவர். உங்களுக்கு என்ன பேர் வாசிச்ச?"

பதிவில் நான் பெயரைச் சொல்லவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் எழுதி அனுப்புவோம் என்றேன். அனுப்பினோம். தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர், இரண்டும் ஒன்று. ஓர் எழுத்தும் மாற்றமில்லை.

கல்முனையில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு குளிர்பானக் கடையில் சந்தித்தோம். பெண்களுக்கென்று திரை போட்ட ஒரு மூலை அங்கே உண்டு. உட்கார்ந்ததும் அவள் போன் கமராவைத் திருப்பி இரண்டு முகமும் தெரியப் பிடித்தாள்.

"இரிங்கவன், வடிவாப் பாப்பம். உங்கட மூக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இரிக்கி. என்டது மிச்சத் துணியில தைச்சது."

"உங்கட பல்லு வரிசையா இரிக்கே. எனக்கு ஆர் தந்த இந்தப் பல்ல?"

"கால் விரலக் காட்டுங்க."

மேசைக்குக் கீழே இருவரும் குனிந்தோம். கடைக்காரர் திரைக்கு வெளியே நின்று, "என்ன ராத்தா, சாமான் ஏதும் விழுந்திட்டா?" என்று கேட்டார். "ஓம், ஒரு வாப்பா விழுந்திட்டாரு, தேடுறம்" என்றாள் அவள். நான் சிரித்த சிரிப்பில் பழச்சாறு மூக்கில் ஏறியது. விரல்கள் கொஞ்சம் ஒத்தன. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும், சொந்த அக்காவைப் போலவே, ராத்தா என்று கூப்பிடுவோம். நானும் அன்று காலை முதல் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் பஸ் ஏறும்போது கூப்பிட வாயெடுத்தேன், வரவில்லை. அவளும் படியில் நின்று, "தங்கச்சி என்டு சொல்லவா, சும்மா பேரச் சொல்லவா?" என்று கேட்டாள். "மரைக்காரக் கேட்டுட்டுச் சொல்றன்" என்றேன்.

கேட்க வந்தோம். ளுஹர் தொழுகை முடிந்த நேரம், இரண்டு பேரும் உங்கள் மண்டபத்தில் உட்கார்ந்தோம். உங்கள் மனைவி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். என் பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று விசாரித்தீர்கள். மரியாதையாகத்தான் நடத்தினீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேர் எப்படி வந்த?" என்று நான் கேட்டேன்.

"உங்க ரெண்டு பேரையும் கதைக்கச் சொன்ன ஆரு?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"போன்ல கதைச்சம். அந்தப் பேருக்குரிய ஆள் ஆரு என்டு சொல்லுங்க."

"அது அமானிதம் புள்ள. சொல்லேலா."

"ஆருட அமானிதம்?"

"தந்த ஆக்களுட."

"தந்த ஆக்கள் உசிரோட இரிக்காங்களா?" என்று அக்கரைப்பற்றுக்காரி கேட்டாள்.

நீங்கள் அவள் கோப்பையைப் பார்த்தீர்கள். "தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

அமானிதம் என்றால் உரியவரிடம் ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள். எனக்கு உம்மா அப்படித்தான் சொல்லித் தந்தார். அந்தப் பெயருக்கு உரியவர்கள் இரண்டு பேர் உங்கள் கதிரையில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் தள்ளினீர்கள்.

மூன்று நாள் கழித்து ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரல் வந்தது. சில பெண் பிள்ளைகள் போனில் கதை சொல்லி, வளர்த்தவர்களின் மானத்தை வாங்குகிறார்கள், பெற்றோர் கண்காணிக்க வேண்டும் என்றீர்கள். எனக்கு முப்பத்தொரு வயது. என் உம்மாவின் மானம் போகவில்லை. அவர் மிஷின் சத்தத்தைப் பற்றித்தான் குறை சொன்னார். ஆனால் ஒன்றுக்காக உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். அமானிதம், சொல்லேலா என்ற நீங்களே அதை ஊருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

ரத்தப் பரிசோதனை செய்யலாமே என்று சிலர் எழுதினார்கள். செய்யலாம். நாங்கள் சகோதரிகளா இல்லையா என்று மட்டும் அது சொல்லும். எங்களைப் பெற்றவள் யார், எங்கே இருக்கிறாள், ஏன் கொடுத்தாள் என்று சொல்லாது. அதோடு, நீங்கள் வாயைத் திறந்தால் முடிகிற விஷயத்துக்கு நாங்கள் ஏன் ரத்தம் கொடுக்கவேண்டும்?

இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். நாங்கள் ஒரே வாப்பாவின் பிள்ளைகளாக இருக்கவேண்டும். அப்படியென்றால் இரண்டு சகோதரிகளை ஆளுக்கொரு ஊரில் கொடுத்துவிட்டு, இரண்டு கல்யாணத்திலும் சோறு தின்று, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். இல்லையென்றால் அந்த ஆள் இல்லவே இல்லை. பெயர் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நிக்காஹ்வில், மௌலவியின் வாயால், பொய்யை வாசிக்க வைத்திருக்கிறீர்கள். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. முதலாவதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஆசைக்காக உங்களை விட்டுவிட முடியாது.

எங்கள் பக்கம் திறந்தே இருக்கிறது. முகம் காட்ட வேண்டாம். உங்கள் குரல் போதும். அதுவும் வேண்டாமென்றால், எங்களைத் திட்டிய அதே ஜமாஅத் குழுவில் பேசுங்கள். தேத்தண்ணிக்கு இனி வரமாட்டோம். என் வாப்பாவின் பெயரை ஊரே கேட்க ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தவர் நீங்கள். அந்த ஆள் யார், இருந்தாரா இல்லையா, அக்கரைப்பற்றில் இருப்பவள் எனக்கு ராத்தாவா இல்லையா. அதையும் ஊரே கேட்கச் சொல்லுங்கள்.