ஐஸ் பெட்டிக்கா, லைட்டுக்கா

பிணத்தைப் பார்த்து நான் முகம் சுளித்ததில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் குமட்டியிருக்கிறது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சாவு வீட்டில் குமட்டியது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. பழைய வேன் ஒன்றும் உண்டு. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறேன். வண்டி எஞ்சின் ஓடினால் போதும், ஸ்டுடியோ லைட் இரண்டும் எந்தக் காட்டிலும் எரியும். மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் யோகா ஆசிரியர்களை ஜொலிக்க வைப்பதுதான் என் பிழைப்பு.

ஒரு சித்திரை மாத மதியத்தில் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார்.

"மேடம், எங்கப்பா நேத்து தவறிட்டாரு. காலையில டிரான்ஸ்பார்மர் வேற வெடிச்சிடுச்சு. எங்க கட்சித் தலைவர் மாலை போட வர்றாரு, போட்டோ எடுக்கணும். உங்க வேன் லைட்ட எடுத்துக்கினு வந்துடுங்க."

போனேன். கூடத்தில் ஐஸ் பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. உள்ளே பெரியவர். கண்ணாடி மூடியில் வியர்த்து நீர் வழிந்தது. ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்டேன். முகூர்த்த நாள், எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது என்றார் மகன். பேச்சுக்கு நடுவில் அவர் போன் அடித்தது. காது கேட்காதவர் மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, காட்பாடியில எறங்கிட்டேன். பஸ் ஏறிட்டேன். அப்பா முகத்த ஒருவாட்டி பாத்துடறேன், எடுத்துடாதீங்க அண்ணா."

புனேயிலிருந்து வரும் தங்கையாம். எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. வேனிலிருந்து வயரை இழுத்து ஐஸ் பெட்டிக்குக் கொடுத்தேன். பெட்டி இரண்டு தடவை திக்கி, அப்புறம் உறுமியது. "என் இன்வெர்ட்டர் ஒண்ணத்தான் தாங்கும். இல்ல பெட்டி, இல்ல லைட்டு," என்று சொல்லி வைத்தேன். "அவரு வர்றப்ப மாத்திக்கலாம் மேடம்," என்றார் மகன்.

கொஞ்ச நேரத்தில் தலைவர் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. உடனே பெட்டியின் வயரைப் பிடுங்கி லைட்டில் செருகச் சொன்னார் மகன். ஒரு நிமிட வேலைதானே என்று செய்தேன். லைட் எரிந்ததும் கண்ணாடி மூடி பளீரென்று அடித்தது. "முகம் தெரியலியே, மூடியத் தூக்குங்கப்பா," என்றார். தூக்கினார்கள். தலைவர் வரவில்லை. வழியில் இன்னொரு வீட்டில் டீ சாப்பிடுகிறாராம். சித்திரைப் புழுக்கத்தில் திறந்து கிடந்த பெட்டி, அதன் மேல் என் லைட்டின் அனல். ஈ வந்தது. வாடையும் வந்தது. மகன் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி அப்பாவின் தலைமாட்டில் செருகினார். அப்புறம் கேமராவின் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "முகம் மின்னுது மேடம். லைட்டா பவுடர் போட்டுடலாமா?"

சீ என்று வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. பெத்த அப்பன் முகத்தில் பவுடரைக் கொட்டித் தேய்த்தார். சுவருக்கு வெள்ளையடிப்பவன்கூட அதைவிடப் பதமாக அடிப்பான்.

போய் லைட்டைப் பிடுங்கினேன். மூடியைப் போட்டேன். வயரைப் பெட்டிக்குக் கொடுத்தேன்.

"நான் கூப்ட்டது போட்டோவுக்குங்க," என்றார்.

"கூப்ட்டீங்க, வந்தேன். இப்ப கரண்டு உங்கப்பாவுக்கு. உங்க தங்கச்சி வந்து பாக்கறவரைக்கும் இந்த வயர்ல எவன் கை வெச்சாலும் வண்டிய எடுத்துக்கினு போயினே இருப்பேன்."

போகமாட்டேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஒருவழியாகத் தலைவர் வந்தார். வாசலில் நின்று இருட்டாகக் கிடந்த கூடத்தை எட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, அணைந்திருந்த லைட்டைத்தான் பார்த்தார். "ரெடி பண்ணிட்டு கூப்புடுங்க, கார்ல இருக்கேன்," என்று ஆளுயர மாலையை மகன் கையில் திணித்துவிட்டுப் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வாசலில் இரண்டு வண்டியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று அந்த மனுஷனைக் குளிர்வித்தது, இன்னொன்று செத்தவரை. எது சாவு வீட்டுக்கு வந்த வண்டி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பொழுது சாயத் தங்கை ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றக்கூட மறந்து நேராக உள்ளே ஓடினாள். பெட்டி மூடியின் பனியைத் துப்பட்டாவால் துடைத்துக் குனிந்தாள். அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பவுடர் யாருக்கா போட்டது?"

அவள் அண்ணன் மாலையோடு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூடியைத் தூக்கச் சொன்னாள், நானே தூக்கினேன். துப்பட்டாவின் நுனியை எச்சிலால் நனைத்து நெற்றி, கன்னம், மூக்கோரம் என்று ஒவ்வொரு இடமாகத் துடைத்தாள். கறுத்து, சுருங்கி, ஒரு பக்கம் வெட்டுத் தழும்போடு ஒரு முகம் வெளியே வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"மேடம், இத எடுங்க. நல்லா வரும்," என்றார் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால்.

கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

அவள் அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"மூடிடுங்கக்கா. அப்பாவுக்குப் புழுக்கம் ஆவாது."