முள் பட்டியலின் பதிமூன்றாவது கேள்வி

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அப்பாதான். உட்கார் என்றால் எழுந்திருப்பாள், நில் என்றால் நடப்பாள். பெயர் வைத்ததில் தப்பே இல்லை. செருப்புக் கடையில் வேலை பார்த்த மனுஷன் அவர். வருஷத்துக்கு மூன்று ஜோடி தேய்த்துக்கொண்டு வந்து நிற்கும் மகளைப் பார்த்து, "இவ உள்ளங்காலுல அரம் கிரம் வெச்சிருக்காளா?" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் திட்டமாட்டார். செருப்பைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டு, "ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்திருக்க, இல்ல?" என்று மட்டும் கேட்பார். அது சரியாகவே இருக்கும்.

ஊர் சுற்றும் ஆசையை மூட்டிவிட்டது என்னவோ அம்மாதான். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் அவள். பள்ளி விட்டதும் பம்பரம் நேரே அம்மாவின் கண்ணாடி அறைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். மைக்கில் அம்மா ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல, இவள் வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பாள். என்றைக்காவது போய்ப் பார்த்துவிட வேண்டுமாம். வீட்டுப்பாடம்? அதை யார் எழுதியது!

அம்மாவுக்குத் தொழிலில் ஒரு கைப்பழக்கம் இருந்தது. ரயில் மூன்று மணி நேரம் தாமதம் என்று தகவல் வந்தால் அதை மொத்தமாகச் சொல்லமாட்டாள். முதலில் அரை மணி நேரம் என்பாள். அது தீரும் சமயத்தில் இன்னும் ஒரு அரை மணி. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் சத்தம் போட்டார்.

"முழுசா போட்டு உடைச்சா ஜனம் இடிஞ்சு போயிடும் சார்," என்றாள் அம்மா. "அரை அரையா சொன்னா டீ குடிச்சுட்டு, பேப்பர் பார்த்துட்டு, எப்படியோ உட்கார்ந்திருப்பாங்க."

சார் தொப்பியை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார்.

பம்பரம் படித்து முடித்ததும் ஒரு கப்பல் கம்பெனியில் செய்தித்தொடர்பு வேலைக்குப் போனாள். நேர்காணலில் எல்லோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்களாம். இவள் கேட்ட ஒரே கேள்வி, "வெளியூர் அனுப்புவீங்களா?" என்பதுதான். அது என்ன வேலை என்பது அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

"கம்பெனிக்கு வாய் மாதிரிப்பா. பத்திரிகைக்காரங்க கேட்டா நான் பதில் சொல்லணும்."

"அதுக்குச் சம்பளம் வேற தர்றானா? சின்ன வயசுல இருந்து நீ சும்மாவே பேசிட்டுத்தானே இருந்த!"

கப்பலை விட்டு ஹோட்டல் கம்பெனி, அதை விட்டு லிஃப்ட் செய்யும் கம்பெனி என்று தாவித் தாவி, இருபது வருஷத்தில் முப்பத்தொரு நாடு பார்த்துவிட்டாள். லிஃப்ட் கம்பெனியில் அவள் கொடி பறந்தது என்றே சொல்லலாம். 'எங்கள் லிஃப்ட் நிற்கவே நிற்காது' என்று அறிவிக்கக் கூட்டம் போட்ட அன்றைக்குத்தான், ஒன்பது பத்திரிகைக்காரர்களோடு அது நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்று தொலைத்தது. இவள் கதவுக்கு வெளியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, உள்ளிருந்து வந்த கேள்விகளுக்கெல்லாம் கத்திக் கத்திப் பதில் சொன்னாள். நாற்பது நிமிஷம்! கதவு திறந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

எல்லாம் முள் பட்டியல் தந்த தைரியம். பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கும் முன் ஒரு தாளில் இடப்பக்கம் ஏடாகூடமான கேள்விகளாக எழுதி, வலப்பக்கம் அதற்குப் பதில் எழுதி வைப்பார்கள். எதைக் கேட்டுவிடக்கூடாது என்று பயமோ அதை அவசியம் எழுத வேண்டும். எந்த ஊர் ஹோட்டலானாலும் பம்பரம் அந்தத் தாளைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, வாயில் நுரையோடு பல் தேய்த்தபடியே ஒப்பிப்பாள்.

பதில் எழுத முடியாத கேள்வி ஒன்று அவளுக்கும் வந்து சேர்ந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கோ கடல் தாண்டி ஒரு தொழிற்சாலைத் திறப்பு விழா வேலையில் அவள் தலைகீழாக நின்றுகொண்டிருந்த சமயம். அம்மா போனில், "அப்பாவுக்கு லேசா காய்ச்சல்" என்றாள். அடுத்த வாரம், "ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருக்கச் சொல்லியிருக்காங்க." அதற்கடுத்து, "தேறிட்டு வர்றார், நீ விழாவை முடிச்சிட்டே வா." விழாவை முடித்துவிட்டே வந்தாள். மூன்று விமானம் மாறி வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது. அம்மா கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். வெயில், மழை, முழங்கால் வலி எல்லாம் வரும். அது மட்டும் வராது.

'குரலை வெச்சே கண்டுபிடிச்சிருக்க வேண்டாமா நான்? அதுதானே என் பிழைப்பே!' என்று அவள் தன்னைத் தானே குத்திக் குத்திப் புண்ணாக்கிக்கொண்டாள்.

இந்த வருஷம் கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது. இனிமேல் பயணம் கிடையாது, எல்லாக் கூட்டமும் கணினித் திரையில்தான், அவரவர் வீட்டிலிருந்தே பேசலாம். படித்துவிட்டுப் பம்பரம் வாய்விட்டுச் சிரித்தாள். அவரவர் வீடு சரி, எனக்கு எது வீடு? வாடகை அறையில் இரண்டு பெட்டியும் ஒரு நாற்காலியும் இருந்தன. நாற்காலியை அடுத்த அறைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, பெட்டிகளோடு கிளம்பிவிட்டாள்.

வந்து சேர்ந்ததும் அம்மாவிடம், "ஒரு வாரம் லீவு" என்றாள். ஒரேயடியாகவே வந்துவிட்டேன், உன்னோடு இருக்கட்டுமா என்று கேட்கத் துணியவில்லை. அப்பாவுக்கு முடியாதபோது வராதவள், இப்போது எந்த முகத்தோடு கேட்பாள்? அம்மா வேண்டாம் என்று சொல்லமாட்டாள்தான். ஆனால் அந்தக் கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் எத்தனை நாள் முழங்கால் வலியைப் பற்றியே பேச முடியும்?

மூன்றாம் நாள் காலை, துணிந்து முள் பட்டியல் போட்டாள். அம்மா கேட்கக்கூடிய கேள்விகள் மொத்தம் பதிமூன்று. பல் தேய்த்தபடி இரண்டு தரம் ஒப்பித்தும் பார்த்தாள்.

"அரை ரொட்டி வாங்கிட்டு வா," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "முழுசு வாங்கினா ஒருத்தியால தின்னு மாளல, காய்ஞ்சு போகுது."

ரொட்டிக் கடையில் பையை வாங்கக் கை நீட்டிய அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. ஐயையோ! தாள் கண்ணாடியிலேயே இருக்கிறதே! இருபது வருஷப் பழக்கம், கை தானாகவே ஒட்டிவிட்டிருக்கிறது. விழுந்தடித்து ஓடி வந்தாள். கட்டடத்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவள் கம்பெனி லிஃப்ட்தான், கேட்பானேன்! மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தள்ளினால், சாப்பாட்டு மேசையில் அம்மா. மூக்கில் கண்ணாடி, கையில் தாள்.

"பயணிகள் கவனிக்கவும்," என்றாள் அம்மா, அந்தப் பழைய மைக் குரலில். "முதல் கேள்வி. 'ஏன் கல்யாணம் பண்ணிக்கல?' பதில், 'இது பற்றித் தற்போது கருத்துக் கூற இயலாது.' ஏன்டி, நான் என்ன பத்திரிகைக்காரியா?"

"அம்மா, அதைக் கொடும்மா."

"இருடி. நாலாவது கேள்வி, 'ஏன் இப்படி இளைச்சுட்ட?' இதை எதுக்கு எழுதின? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது!"

பம்பரத்துக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கத்தில் முகமும் எரிந்தது. அம்மாவின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரியில் நின்றது. அப்புறம் மைக் குரல் இல்லை.

"பதிமூணு. 'அப்பாவுக்கு முடியாதப்ப ஏன் வரல?' பதில் எழுதவே இல்லையே."

"எழுத வரலம்மா," என்றாள். ரொட்டிப் பையைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

அம்மா பேனாவை எடுத்தாள். வலப்பக்கத்து வெற்றிடத்தில் நிதானமாக எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளினாள். 'ரயில் எவ்வளவு தாமதம்னு அவளுக்கு யாரும் முழுசா சொல்லல. நான்தான் அரை அரையா சொன்னேன்.'

"முதல் நாளே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார்," என்றாள் அம்மா. "நீ அவ்வளவு தூரத்துல தனியா இருக்க. மொத்தமா சொன்னா இடிஞ்சு போயிடுவியேன்னு பயந்தேன். இன்னும் நாலு நாள் இருக்குன்னு நினைச்சேன்டி. கணக்குத் தப்பிடுச்சு. 'ஏம்மா எங்கிட்ட மறைச்ச'ன்னு நீ என்னைக்குக் கேட்பியோன்னு மூணு வருஷமா நான் செத்துச் செத்துப் பிழைக்கறேன். நீ என்னடான்னா உன்னையே குத்தம் சொல்லி எழுதி வெச்சிருக்க!"

பம்பரத்துக்கு அம்மா மேல் சுள்ளென்று கோபம் வந்தது. சொல்லியிருந்தால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே! மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக அதைச் சத்தம் போட்டே சொன்னாள்.

"சொல்லியிருக்கணும்மா நீ."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

இரண்டு பேரும் அழுதார்கள். கோபம் முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனாலும் நெஞ்சின் மேல் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அம்மாதான் முதலில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துப் பதினான்கு என்று இலக்கம் போட்டாள். "இதை நீ எழுதவே இல்ல. எத்தனை நாள் இருக்கப் போற?"

"ஒரு வாரம்னு… அப்புறம் வேணும்னா இன்னும் ஒரு வாரம்…"

"அரை அரையா சொல்லாதே. முழுசா சொல்லு."

"வந்துட்டேன்மா. இங்கேயேதான் இருக்கப் போறேன். இருக்கட்டுமா?"

அம்மா எட்டி அவள் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ரொட்டி தீர்றதுக்குள்ள ஓடு. இதைக் கொடுத்துட்டு முழு ரொட்டியா வாங்கிட்டு வா."