பூட்டு ஜெயித்தது

செல்லமுத்துவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறையூரிலிருந்து மாற்றலாகி, மலைமேலிருக்கும் ஆலத்தூர் நாட்டுப் பள்ளிக்கு நான் வாத்தியாராக வந்தபோது அவர் இரண்டாவது முறையாக ஊராட்சித் தலைவர். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அதன் பிறகும் இரண்டு முறை ஜெயித்தார். நான்கு தேர்தலிலும் அவருக்குப் பூட்டுச் சின்னம்.

முதல் தேர்தலில் பெரிய இரும்புப் பூட்டு ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தாராம். "பேரெல்லாம் பாக்காதீங்க சாமி, பூட்டைப் பாத்துக் குத்துங்க." அவ்வளவுதான் பிரசாரம். பாறைகளிலெல்லாம் பூட்டு வரைந்தார். சோளக்காடு ஸ்டாப்பில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால், "பூட்டுக்காரரு வாராரு" என்பார்கள். யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தார். தண்ணீர்த் தொட்டி கட்டினார், தெருவிளக்கு போட்டார். பிரசவ வலி என்றால் ஜீப் பிடித்து அவரே கூடப் போவார். என் கோபம் வேறு. பெண்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை கேட்டேன். மனிதர் சிரித்தார்.

"எழுத்து எதுக்குங்க சார்? பூட்டு தெரிஞ்சாப் போதுமுங்க."

மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்று தடவையும் டீதான் கிடைத்தது.

ஐந்தாவது தேர்தலில் எதிர்த்து நின்றவள் விமலா. நர்சிங் படித்த பெண், கெட்டிக்காரி. அவளும் பூட்டையே கேட்டாள். இரண்டு பேர் ஒரே சின்னத்தைக் கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். பூட்டு விமலாவுக்குப் போனது. செல்லமுத்துவுக்குக் கிடைத்தது மூக்குக்கண்ணாடி.

அறுபத்தெட்டு வயதில் மறுபடி நடந்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லாத மனிதர், கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு, "பூட்டு வேண்டாமுங்க, கண்ணாடிங்க" என்று வீடு வீடாகக் கெஞ்சினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மேலூரிலிருக்கும் சின்னுசாமிக் கிழவர் அவர் கையைப் பிடித்து, "நீங்க ஏனுங்க கவலைப்படறீங்க? எங்க ஓட்டு என்னைக்கும் பூட்டுக்குத்தான்" என்றார்.

தேர்தலுக்கு முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் செல்லமுத்து என்னிடம் கேட்டார்: "இந்தத் தலைவர் பதவியும் போயிருச்சுன்னா நான் யாருங்க சார்?"

மணியடிக்க நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டேன்.

ஒன்பது ஓட்டில் தோற்றார். நல்லா வேணும் என்று நினைத்தேன், ஆமாம், நினைத்தேன். மறுநாள் காலை, ஆறுதல் சொல்கிற சாக்கில் அவர் முகத்தைப் பார்க்கப் போனேன்.

வாசலில் பத்துப் பதினைந்து பேர் அன்னாசிப் பழமும் சாமந்தி மாலையுமாக நின்றார்கள். எல்லோரும் மேலூர்க்காரர்கள், விடியுமுன் கிளம்பி நடந்து வந்தவர்கள்.

"நம்ம பூட்டு ஜெயிச்சிருச்சுங்க!" என்று சின்னுசாமி அவர் கழுத்தில் மாலையைப் போட்டார்.

செல்லமுத்து ஒரு கணம் மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ரொம்ப சந்தோசமுங்க. உக்காருங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவர்கள் மனசு நோகக்கூடாதாம். அந்தக் காலை நேரத்தில் நான் வெட்கப்பட்டதுபோல் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

அவர்கள் போனதும் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மனைவி பொன்னாயி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுல குத்துன?"

அந்தம்மா தலை நிமிரவில்லை. "இத்தனை வருசமா குத்துனதுலதானுங்க. கை தானா அங்க போயிருச்சு."

அவர் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. பொன்னாயி டம்ளர்களை வைத்துவிட்டு, மூலையில் மிஞ்சிக் கிடந்த தேர்தல் நோட்டீஸ் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார்.

"இதுல அவரு பேரு எதுங்க சார்?"

காட்டினேன். பாதிக் காகிதத்தை அடைத்துக்கொண்டு சிவப்பு மையில் இருந்தது. அந்தம்மா அதன்மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார்.

"இத்தனை பெரிசாவா போட்டிருந்தீங்க?" என்று புருஷனைக் கேட்டார்.

செல்லமுத்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க சார், விமலா ஊட்டுக்குப் போவோம். அந்த ரூமை நான் கேட்டு வாங்கித் தாரேன்."