ஒற்றைக் காலில் நின்ற மாதம்

சும்மா நில் என்று சொல்வதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடையாது. பஸ்ஸுக்குக்கூட நடந்துகொண்டேதான் காத்திருப்பேன். அப்படிப்பட்ட என்னை எங்கள் விளையாட்டு டீச்சர் ஒரு மாதம் ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்.

பதுளைப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்த காலம். எங்கள் அணிப் பெண் ஒருத்தி எம்பிப் பந்தைப் பிடித்தாள். இறங்கியபோது முழங்கால் உள்பக்கம் சாய்ந்து தசைநார் அறுந்துபோனது. அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். மறுநாளே சட்டம் போட்டுவிட்டார். உட்காரும் வாங்கிலிருந்து குதித்து ஒற்றைக் காலில் இறங்க வேண்டும், முழங்கால் உள்ளே சாயக் கூடாது. சாய்ந்தால் பண்டாரவளையில் நடக்கவிருந்த மாகாண அணித் தேர்வுக்குப் போக முடியாது. அந்தத் தேர்வுக்காக நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

"மலையில ஏறி இறங்குற காலுங்க டீச்சர். இதுக்குப் போயி பயிற்சியா?"

"நடக்கிறது வேற, குதிச்சு நிக்கிறது வேற, பிள்ளை. வீட்டிலயும் செய்யும்."

காலையில் அம்மா தேயிலைக் கொழுந்துக்குக் கிளம்பும்போதே எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கிவிடுவேன். "கொக்குக்கு மீனு மாட்டுச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்பாள். சிரித்தால் கால் ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். படியிலிருந்து குதிப்பேன், மறுபடி குதிப்பேன். வாசலில் என் முழங்கால் அசையவே இல்லை.

தேர்வுக்கு முதல்நாள் பள்ளி மண்டபத்தின் சிமெந்துத் தரையில் குதித்தேன். வலது முழங்கால் உள்ளே போனது. இன்னொரு தடவை குதித்தேன். அப்போதும் போனது.

"வீட்டுல நேரா நிக்குதுங்க டீச்சர்!" என்று கத்தியேவிட்டேன். நான் குதிப்பதை அக்கா கேலிக்காகப் போனில் எடுத்து அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினேன். டீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நிலம் தண்ணி ஓடுற கான் பக்கமாச் சரிஞ்சு கிடக்குது. உம்மட வலக்கால் எப்பவும் பள்ளத்தில. மற்றப் பக்கம் திரும்பிச் செய்யிறேல்லையே?"

"அந்தப் பக்கம் திரும்புனா அம்மன் கோயிலுக்கு முதுகு காட்டணுங்க டீச்சர்."

லயத்தின் மேல் முனையில் எங்கள் மாரியம்மன் இருக்கிறாள். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று குதிக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. அதனால் சரிவுக்குப் பழகிய கால் சமதரையில் தடுமாறியிருக்கிறது. டீச்சர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. தேர்வுக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசித்தார். என் பெயர் அதில் இல்லை.

வீட்டுக்குப் போகும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து பையை எறிந்தேன். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அடிப் பைத்தியக்காரி," என்றாள். "நாள் பூரா அவளுக்கு முதுகக் காட்டித்தான் நாங்க கொழுந்து பறிக்கிறோம். எங்கள கோவிக்காதவ ஒன்னயவா கோவிக்கப் போறா? திரும்பி நில்லுடி."

திரும்பி நின்று இடக்காலைத் தூக்கினேன். வலது முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத முன்னாடியே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?" என்றாள் அம்மா.