மூன்று கோடுகளும் ஒரு செம்புக்குழாயும்

வேதியியல் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் பயந்தாங்கொள்ளி என்றுதான் பெயர். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் போயும் போயும் ஒரு வெல்டரைக் கட்டிக்கொண்டார். நெருப்போடு குடித்தனமா என்று கலங்காத நாளில்லை. அந்தக் கலக்கத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் கல்யாணமான புதிதில் புருஷனுக்கே பாடம் எடுத்தார். அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு சேர்கின்றன. ஒற்றைப் பிணைப்பைவிட இரட்டை கெட்டி, அதைவிட முப்பிணைப்பு கெட்டி. "நீங்க வெல்டிங்குக்கு எரிக்கிற அசிட்டிலீன் வாயுவுல இருக்கிறது முப்பிணைப்பு" என்றதும் வெல்டர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே வெல்டர் ஏதோ சொன்னார். டீச்சர் அரைக் காதில்தான் வாங்கினார்.

வகுப்பில் கரும்பலகையில் வரைந்தார். ஈத்தேனுக்கு ஒரு கோடு, எத்திலீனுக்கு இரண்டு, அசிட்டிலீனுக்கு மூன்று.

"நைட்ரஜன்லயும் மூணு கோடுதான். அது யார் வம்புக்கும் போகாது. அசிட்டிலீன் அப்படி இல்ல. ஓரத்துல இருக்கிற ஹைட்ரஜனைத் தள்ளிட்டுச் செம்பு வந்து ஒட்டிக்கும். அது காய்ஞ்சு போயிருந்தா ஒரு தட்டு போதும், வெடிச்சிடும்."

சாக்பீஸ் நின்றது. காலையில் கேட்டது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. "அசிட்டிலீன் ஹோஸ்ல ஒட்டுப் போட்ட செம்புக்குழாய் அடைச்சுக்கிச்சு. இன்னைக்குக் கழட்டித் தட்டணும்."

டீச்சர் உடனே வெல்டரைச் செல்லில் கூப்பிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பட்டறைச் சத்தத்தில் எங்கே கேட்கப் போகிறது? வகுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். பட்டறை அடுத்த தெருவில்தான். இதோ வெடித்துவிட்டது, இதோ வெடித்துவிட்டது என்று ஒவ்வொரு அடிக்கும் செத்தார்.

வெல்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் குழாய், மறு கையில் சுத்தியல். கத்தினால் பதறிக் கீழே போட்டுவிடுவார். டீச்சர் அலறலை விழுங்கிக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"என்னங்க, தட்டாதீங்க. அதை மெதுவா அந்தத் தண்ணி வாளியில விடுங்க."

மனைவியின் முகத்தைப் பார்த்தவர் கையை வாளிப் பக்கம் மெல்ல இறக்கினார். குழாய் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது. இருவரும் வெளியே வந்து தள்ளி நின்ற பிறகுதான் டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

வெல்டர் பட்டறைக்குள் இருந்த வாளியைத் திரும்பிப் பார்த்தார். "மூணுன்னா கெட்டின்னு நீதானே சொன்ன? அதுல எதை மாட்டினா என்னன்னு நெனச்சுட்டேன்."

தன் பயம் தீர்வதற்காகக் கல்யாணமான புதிதில் டீச்சர் பாதிப் பாடத்தைத்தான் சொல்லியிருந்தார். வெல்டரின் கையில் இன்னும் இருந்த சுத்தியலை மெல்ல வாங்கிக்கொண்டார்.