கம்ப்யூட்டருக்கு வெள்ளையடித்த கதை

செண்பகத்தின் வேலை போனதற்கு நான்தான் காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் கடைசியில் சொல்லாமல் நழுவிவிடுவேன்... என்னை எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசி. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தேன். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். லாட்ஜிலேயே ஏ.சி. போட்ட அறை அதற்கு மட்டும்தான்! இலத்தூரிலிருந்து வரும் செண்பகம், அறை பதிவு செய்தவர்களின் பெயர்களை அதில் ஏற்றுவாள். நான் பி.எஸ்ஸி. படித்த திமிரில், கையேட்டைப் பார்த்து மற்ற வித்தைகளைச் செய்வேன்.

சீசனுக்கு முன் லாட்ஜுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். கம்ப்யூட்டருக்கும் அடித்தால் என்ன? செண்பகம் இல்லாத ஒரு மதியம், பதிவை ரத்து செய்தவர்களின் பெயர்களையெல்லாம் துடைத்து எறிந்தேன். சுத்தம்!

சாரல் விழுந்தது. கூட்டம் வந்தது. மதுரையிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. செண்பகம் பெயரைத் தட்டினாள். எட்டாம் நம்பர் என்றது திரை. கதவைத் தள்ளினால் — உடம்பெல்லாம் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக ஒரு பெரியவர்.

“யாருவே நீரு? குளிக்கப் போற மனுசன எட்டிப் பாக்கீரு?”

“இது எங்க ரூம் சார்...” என்றார் மாப்பிள்ளை. பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து வந்த பெரிய குடும்பத்துக்கு ஒற்றைக் கட்டில் அறை. வாசலில் ஒரே சத்தம். முதலாளி ஓடி வந்தார்.

“என்னவே நடக்கு இங்கன?”

“டைப் அடிச்ச பிள்ள தப்பா ஏத்திட்டு, மொதலாளி” என்றேன். கூசாமல்.

“அண்ணாச்சி, நான் சரியாத்தான ஏத்துனேன்!” செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“நாளையிலருந்து வராண்டாம்ட்டி” என்றார் முதலாளி.

மறுநாள், பெயரைத் தேடாமல், எல்லாப் பதிவுகளையும் வரிசையாகத் திரையில் ஓடவிட்டேன். ஒரு பிழை இல்லை. தேடினால் மட்டும் ஆள் மாறினார்! கையேட்டைப் புரட்டியதும் வியர்த்தது... ஏ.சி.யில்.

தேடுவதற்காக கம்ப்யூட்டர் தனி அட்டவணை வைத்திருக்கும் — இன்ன பெயர், இத்தனையாவது பதிவு என்று. புத்தகத்தின் நடுவே சில பக்கங்களை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் புதிதாகப் பக்க எண் போட்டு, பொருளடக்கத்தை மட்டும் பழையபடி விட்டால்? என் வெள்ளையடிப்பு அதுதான். பதிவுகள் நகர்ந்துவிட்டன, அட்டவணை பழைய இடத்தையே காட்டியது. அட்டவணையைப் புதிதாகப் போட ‘ரீஇண்டெக்ஸ்’ என்று தட்டினேன். காபி ஆறுவதற்குள் சரியாயிற்று.

இலத்தூருக்கு பஸ் ஏறினேன்.

“தப்பு என்னுதும்மா. வேலைக்கு வந்துரு.”

“இங்கன சொல்லி என்னத்துக்கு? அன்னைக்கு மாதிரியே எல்லாரு முன்னாலயும் மொதலாளிட்ட சொல்லுவீயளா... சார்?”

அண்ணாச்சி போய், சார் வந்திருந்தது.

சொன்னேன். வாசலில் நின்று, சத்தமாக. எட்டாம் நம்பர் பெரியவர் அன்றும் எண்ணெயோடு வந்து கேட்டார்: “பொறவு அந்தப் பிள்ளைய எதுக்குவே மாட்டிவிட்டீரு?”



செண்பகம் வேலைக்குத் திரும்பினாள். ஏ.சி. அறைச் சாவி அவள் கைக்குப் போனது. எனக்கு சீசன் முழுக்க வெந்நீர் அடுப்பு மேற்பார்வை!

அட்டவணை ஒரு காபி நேரத்தில் சரியாயிற்று. ஆனால் லாட்ஜை விட்டு நான் கிளம்பிய நாள் வரை, செண்பகத்துக்கு நான் ‘சார்’தான்.